வேலூருக்கு ஓதப் போனவர்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பிள்ளையை ஆலிம் என்னும் மார்க்க அறிஞராக்குவது என்று வீட்டில் முடிவானால், அடுத்த பேச்சு பயணத்தைப் பற்றித்தான் இருக்கும். குர்ஆனைப் பார்த்து ஓதவும், தொழுகை முறையைப் பழகவும் ஊர்ப் பள்ளிவாசல் மக்தபே போதும். அதற்கு மேல் அரபு இலக்கணம், மார்க்கச் சட்டம், குர்ஆன் விளக்கமான தஃப்ஸீர், நபிமொழியான ஹதீஸ் என்று படிக்க வேண்டுமானால் பெட்டியைக் கட்டித்தான் ஆகவேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் அந்தப் பெட்டி பெரும்பாலும் வேலூருக்குத்தான் போனது.

நான் பாலக்கோட்டுக்காரன்; அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அதியமானின் தகடூரைப் பற்றியும் பாராமகாலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குப் புத்தகங்கள் இருந்தன. இந்த ஊர்களிலிருந்து பாலாற்றங்கரைக்கு ஓதப் போனவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு பக்கம்கூட இல்லை. அந்தக் குறை என்னை விடாமல் உறுத்துகிறது. ஏனென்றால் அது ஒரு மதத்தாரின் கதை மட்டுமல்ல. அரசும் நவாபும் கைவிட்ட ஒரு படிப்பைச் சாதாரண சனங்கள் தங்கள் சோற்றிலிருந்தும் சம்பாத்தியத்திலிருந்தும் பங்கு கொடுத்துத் தாங்கிய வரலாறு அது.

முன்பெல்லாம் இந்தப் படிப்பு ஆள்வோரின் நிழலில் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவைக் கட்டியவர் செல்ஜூக் அரசின் வஜீர் நிஜாமுல் முல்க். இமாம் கஸ்ஸாலி அங்கே பாடம் நடத்தினார். நம் நாட்டில், லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்தைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம்தான் ‘தர்ஸே நிஜாமி’ என்ற பெயரில் இன்றுவரை மதரஸாக்களில் ஓடுகிறது. அவர் 1748இல் காலமானார். அவருடைய மகன் அப்துல் அலீ, ‘பஹ்ருல் உலூம்’ என்று புகழப்பட்டவர், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பில் சென்னைக்கு வந்து மதரஸா நடத்தினார். 1810இல் சென்னையிலேயே காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். வடக்கே எழுதப்பட்ட பாடத்திட்டத்தை அதை எழுதியவரின் மகனே நேராகத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

நவாபுகளின் காலம் முடிந்தது. எங்கள் தருமபுரிப் பகுதி அடங்கிய பாராமகால், ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியிலிருந்து 1792இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்டார்கள். மார்க்கச் சட்டம் படித்தவர்களுக்கு அப்போதும் ஒரு பிழைப்பு மிஞ்சியிருந்தது. காஜி பதவியும், நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்டத்தை எடுத்துச் சொல்லும் அலுவலர் வேலையும் இருந்தன. 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் அவற்றையும் எடுத்துவிட்டது. திருமணத்தையும் பிற சடங்குகளையும் நடத்திவைக்கக் காஜி இல்லாமல் மக்கள் தவித்ததால் 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. முதலில் அமலானது நம் சென்னை மாகாணத்தில்தான். பதவி திரும்பியதே தவிர, நீதிமன்ற அதிகாரம் திரும்பவில்லை. ஓதினால் வேலை உண்டு என்ற உத்தரவாதம் போய்விட்டது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பெரிய மதரஸாக்கள் எழுந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1866இல் தேவ்பந்தில் தாருல் உலூம் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான மௌலானா காசிம் நானோத்தவி எட்டு விதிகளை எழுதிவைத்தார். அரசாங்கத்தையும் பெருந்தனக்காரர்களையும் நம்பிக் கல்விச்சாலை நடத்தக் கூடாது, பொதுமக்களின் நன்கொடையே பாதுகாப்பு என்பது அவற்றின் சாரம். தெற்கே, வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் அதே போன்ற பாதையில் நடந்தார். 1831இல் பிறந்து, மக்கா சென்று ரஹ்மத்துல்லாஹ் கைரானவியிடம் பாடம் கேட்டுத் திரும்பியவர். அவர் தொடங்கிய அல்பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி 1857ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. 1919இல் அவர் காலமாகும்போது தமிழகம், மலபார், இலங்கை வரை அதன் பெயர் பரவியிருந்தது. நம் பக்கம் அவரை ‘அஃலா ஹஜ்ரத்’ என்றும், பாக்கியாத்தைத் ‘தாய்க் கல்லூரி’ என்றும் சொல்வார்கள். அங்கே ஸனது என்னும் பட்டம் வாங்கியவர்கள் பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ என்று போட்டுக்கொள்கிறார்கள்.

என் தாத்தாவை நாங்கள் ‘தாதா’ என்போம். அவர் 1930களில் அங்கே ஓதினார். அப்போது மொரப்பூரிலிருந்து தருமபுரி, பாலக்கோடு வழியாக ஓசூர் வரை குறுகிய பாதையில் ஒரு சின்ன ரயில் ஓடியது. 1906இல் தருமபுரி வரை வந்த அந்தப் பாதையை இரண்டாம் உலகப்போர் நடந்த 1941இல் நிறுத்திப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். தாதா அந்த ரயிலில் மொரப்பூர் போய், அங்கே பெரிய ரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கி, குதிரை வண்டியில் பாலாற்றுப் பாலத்தைக் கடப்பாராம். ஷவ்வால் மாதம் போனால் ஷஅபானில்தான் திரும்புவார்கள். ரமலானில் மட்டும் வீடு. அந்த மாதத்திலும் சும்மா இருக்க முடியாது. பள்ளிவாசலில் தராவீஹ் தொழவைக்க வேண்டும், பயான் சொல்ல வேண்டும், மதரஸாவுக்கு வசூலும் செய்ய வேண்டும்.

வகுப்புகளை ‘ஜும்ரா’ என்பார்கள். முதல் ஜும்ராவில் மீஜான், முன்ஷஇப் என்று வினைச்சொல் வாய்ப்பாடுகள். பிறகு நஹ்வு மீர், ஹிதாயத்துன் நஹ்வு, காஃபியா, ஷரஹ் ஜாமி என்று இலக்கணம் ஏறிக்கொண்டே போகும். நடுவில் மன்திக் என்னும் தர்க்கம். மார்க்கச் சட்டமான ஃபிக்ஹுக்கு ஹனஃபிகள் ஷரஹ் விகாயா, ஹிதாயா ஓதுவார்கள்; காயல்பட்டினம், கீழக்கரை, மலபார்ப் பிள்ளைகள் ஷாஃபிஈகள், அவர்களுக்குப் பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் எழுதிய ஃபத்ஹுல் முஈன். மத்ஹபு என்னும் இந்த இரண்டு சட்டப் பிரிவுக்கும் ஒரே கூரையின் கீழ் பாடம் நடந்தது. தஃப்ஸீருக்கு ஜலாலைன், பைளாவி. எல்லாம் முடிந்து கடைசியில்தான் புகாரி, முஸ்லிம், திர்மிதி முதலான ஹதீஸ் கிதாபுகள். ஆலிம் பட்டத்துக்கு ஏழாண்டு ஆகும். அதற்கும் மேலே ‘முதவ்வல்’ என்ற உயர்நிலை வகுப்பு உண்டு. வேறு ஊர்களில் ஓதி முடித்து, பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள்கூட அதில் வந்து சேர்வார்கள்.

பாடம் நடக்கும் முறையைத் தாதா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆசிரியரான ஹஜ்ரத் முன்னால் மாணவர்கள் வளைந்து உட்காருவார்கள். ஒருவர் கிதாபின் வாசகத்தை உரக்க வாசிக்க வேண்டும். கிதாபின் அரபு எழுத்தில் உயிர்க்குறி இருக்காது. இலக்கணம் தெரியாதவன் முதல் வரியிலேயே அகப்பட்டுக்கொள்வான். வாசித்து முடித்ததும் ஹஜ்ரத் பொருள் சொல்வார், மாணவர்கள் மறுத்துக் கேட்பார்கள், விவாதம் வளரும். இஷா தொழுகைக்குப் பிறகு கூட்டாக உட்கார்ந்து, அன்றைய பாடத்தை ஒருவருக்கொருவர் திரும்ப நடத்திக்கொள்வார்கள். மறுநாள் பாடத்தை முந்தின இரவே பார்த்து வைப்பது ‘முதாலஆ’. இதைச் செய்யாமல் வருகிறவனுக்கு ஹஜ்ரத் முன்னால் உட்காரும் தகுதி இல்லை என்பார் தாதா. கேள்வி கேட்கப் பழக்கிய படிப்பு அது. மனப்பாடம் என்ற ஒரே சொல்லில் அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒருநாள் அந்த வட்டத்தில் போய் உட்கார வேண்டும்.

விளக்கம் பெரும்பாலும் உருதுவில் நடந்தது. எங்கள் வீட்டில் தக்னி பேசுவதால் தாதாவுக்கு அது எளிதாக இருந்தது. தமிழ் மட்டுமே அறிந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் அரபு கற்கும் முன்னே உருது கற்க வேண்டியிருந்தது. அப்படிக் கற்றவர்கள் அறிவை அங்கேயே விட்டுவிடவில்லை. பாக்கியாத்தில் ஓதிய ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி பல்லாண்டு உழைத்துக் குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்த்தார். தமிழ் வீடுகளில் இன்றும் அந்தப் பதிப்பு இருக்கிறது. கேரளத்தின் இ. கே. அபூபக்கர் முஸ்லியார், காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் போன்ற பெரிய ஆலிம்களும் வேலூரில் ஓதியவர்களே.

வேலூருக்கு அருகே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. தோல் வணிகத்தால் வளர்ந்த ஊர்கள். ஆம்பூர்த் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். மத்ஹபுப் பூசல் இல்லாமல், புதிய கல்வியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே ஓதியவர்கள் ‘உமரி’. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் ‘மன்பயீ’, சென்னை ஜமாலிய்யாவில் ஓதியவர் ‘ஜமாலி’, ஈரோடு தாவூதிய்யாவில் ஓதியவர் ‘தாவூதி’. எங்கள் மாவட்டத்துப் பள்ளிவாசல் சுவரொட்டிகளில் இமாம்களின் பெயரைப் படித்தாலே, எந்தப் பையன் எந்தத் திசையில் ரயிலேறினான் என்று தெரிந்துவிடும்.

இந்த மதரஸாக்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் எங்கள் பக்கத்து மானாவாரிக் காடும் அதில் வருகிறது. பழைய முறையில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். ஆவாரை எங்கள் வறண்ட நிலத்தில் தானாக முளைப்பது. பட்டையை உரித்துக் கட்டிக் கொடுத்தவர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு. அந்தப் பட்டையில் ஊறிய தோல் லண்டன் வரை கப்பலேறியது. அதன் இலாபத்தில் ஒரு பங்கு ஜகாத்தாகவும் நன்கொடையாகவும் மதரஸாவுக்கு வந்தது. பக்ரீதில் ஊர் ஊராகச் சேரும் குர்பானித் தோலும் மதரஸாக் கணக்கில்தான் போகும். என் தாதி, அதாவது பாட்டி, உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வைப்பார். மாதம் ஒருமுறை மதரஸா ஆள் வந்து வாங்கிப்போவார். கணவர் ஓதிய இடத்துக்கு அந்த அம்மா செலுத்திய கட்டணம் அது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்று அவருடைய கொள்ளுப்பேத்தி, பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாவில் ஆலிமா பட்டத்துக்கு ஓதிக்கொண்டிருக்கிறாள்.

தாதாவின் கிதாபுகள் என்னிடம் இருக்கின்றன. பாதிக்கு மேல் லக்னோ நவல் கிஷோர் அச்சகத்தில் கல்லச்சில் அடித்தவை. முன்ஷி நவல் கிஷோர் என்னும் இந்துப் பெரியவர் 1858இல் தொடங்கிய அச்சகம் அது. குர்ஆனும் ஹதீஸும் ஃபிக்ஹும் அங்கே அச்சாகி நாடெங்கும் போயின. ஓரங்களில் தாதாவின் கையெழுத்தில் உருதுக் குறிப்புகள். நடுநடுவே தமிழ்ச் சொற்களும் அரபு எழுத்தில் இருக்கின்றன. பாலக்கோட்டுப் பையன் ஒருவன் அரபுத் தர்க்கத்தோடு மல்லுக்கட்டியதற்கு இதைவிட நல்ல சான்று எந்த ஆவணக் காப்பகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட கிதாபுகள் தருமபுரி, அரூர், பென்னாகரம், காரிமங்கலம் என்று எத்தனையோ வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. நிக்காஹ் பதிவேடுகள், ஃபத்வாக் கடிதங்கள், வசூல் ரசீதுகள் எல்லாம் அப்படித்தான். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, அந்தந்த ஊரிலிருந்து ஓதப் போனவர்களின் பெயர், ஆண்டு, மதரஸா, திரும்பி வந்து செய்த பணி ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். வரலாறு படித்த இளைஞர்கள், அவர்கள் எந்த மதத்தாராக இருந்தாலும், இந்த வேலைக்கு வரவேண்டும். அரசு ஆவணத்தில் இடம்பெறாத ஒரு கல்வியின் கணக்கை, அதற்கு அரிசி கொடுத்த சனங்களின் பிள்ளைகள்தான் எழுத முடியும். எழுதும் கடமையும் நமக்குத்தான்.