காஞ்சிபுரமும் கால்நடை அறுவை மருத்துவமும்

நோய்க்கு மருந்து கொடுப்பவர் ஒருவர், கத்தி எடுத்து அறுவை செய்பவர் வேறொருவர் என்ற தொழிற்பிரிவு காஞ்சி வட்டாரத்துக்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு, ஏறத்தாழ 1069ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது 'வீரசோழன்' என்ற ஆதுலசாலையை, அதாவது நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையை, செலவுக் கணக்கோடு விவரிக்கிறது. அங்கு 15 கட்டில்கள் இருந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும், சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம் நெல்லும் ஒதுக்கப்பட்டன. மூலிகை கொண்டுவருவோரும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களும், நாவிதரும் தனித்தனியே ஊதியம் பெற்றனர். உடலுக்குள் தைத்து நிற்கும் அம்பு, முள், எலும்புச் சில்லு போன்றவையே சல்லியம் எனப்பட்டன. அவற்றை அறுத்து எடுப்பது சல்லியக்கிரியை. அறுவை செய்பவருக்கு மருத்துவரின் நெல் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்பது, கைத்தொழிலாகக் கருதப்பட்ட அறுவைக்கு அன்றிருந்த மதிப்பைக் காட்டுகிறது.

இந்தச் சாலை மனிதருக்கானது. விலங்குகளுக்கும் அதே கலை எழுத்தில் இருந்தது: யானை மருத்துவத்தைக் கூறும் பாலகாப்பியரின் வடமொழி நூல் நான்கு பெரும் பகுதிகளாக அமைந்தது, அவற்றுள் மூன்றாவது முழுவதும் சல்லியத்துக்கு, அதாவது போரில் யானை பெற்ற காயங்களுக்கும் கட்டிகளுக்கும் அறுவைக்கும், ஒதுக்கப்பட்டது. குதிரைக்குச் சாலிஹோத்திர மரபு இருந்தது. இவற்றுக்கும் முன்னரே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு சோழ, பாண்டிய நாடுகளையும் பெயர் குறித்து, மனிதருக்கும் விலங்குக்குமாக இருவகை மருத்துவ ஏற்பாட்டைப் பேசுகிறது. ஏறத்தாழ கி.பி. 640இல் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், அசோகர் எழுப்பியதாக அங்கு நம்பப்பட்ட 100 அடி உயரத் தூபியைக் குறித்துச் சென்றார். ஆயினும் அந்த மருத்துவ ஏற்பாடு இந்நகரில் எவ்வடிவில் நடந்தது என்பதற்குச் சான்றாக அந்தத் தூபியைக் கொள்ள முடியாது.

நூலில் இருந்த அறிவு கொட்டிலுக்கு வந்து சேர்ந்ததா என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பெரும் விலைக்கு வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி எழுதியது இங்குக் கூர்ந்து படிக்கத்தக்கது. பாண்டிய நாட்டு அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், ஆண்டு முடிவதற்குள் நூறுகூட எஞ்சவில்லை என்றும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த குதிரை வைத்தியர் இந்நாட்டில் இல்லை என்றும், விற்பனை குறைந்துவிடும் என்று அஞ்சிய வணிகர்கள் அத்தகையோரை இங்கு வர விடவில்லை என்றும் அவர் கூறுகிறார். எண்ணிக்கையில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் வைத்தியர் இல்லாமையால் லாபம் பார்த்தவர்கள் இருந்தனர் என்ற செய்தியின் கொடுமை அதனால் குறைவதில்லை. பிற்காலத்தில் விசயநகர ஆட்சியின்போது எழுந்த காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகளின் கடிவாளமும் சேணமும் கல்லில் நுணுக்கமாக வடிக்கப்பட்டுள்ளன. அரசு குதிரைக்குக் கொடுத்த இடத்தை அத்தூண்கள் இன்றும் சொல்கின்றன.

உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் பாதை வந்த பின்னரும், நெல்லையும் விறகையும் திருவிழாக் கூட்டத்தையும் சுமந்தவை வண்டி மாடுகளே. அவற்றின் குளம்புக்கு லாடம் அடிக்கவும், காளைக் கன்றுக்குக் காயடிக்கவும், புண்ணில் புழு வைத்தால் எடுக்கவும் ஊர் மாட்டு வைத்தியரே இருந்தார். 'மாட்டு வாகடம்' எனப்படும் ஏட்டுச்சுவடிகளில் (வாகடம் என்றால் மருத்துவ நூல்) சுழி பார்த்து மாடு தேர்வதும் நோய்க்குறியும் மருந்தும் கலந்து கிடக்கின்றன. மாட்டின் தலையை ஒருவர் உயர்த்திப் பிடிக்க, கடைவாய் வழியாக மூங்கில் குழாயைச் செலுத்திக் கசாயத்தைச் சிறுகச் சிறுக இறக்கும் முறையில் கைத்திறன் இருந்தது. அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குப் போய் மாடு செத்துவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதோ பெரும்பாலும் வலியைக் கூட்டியதன்றி நோயைத் தீர்க்கவில்லை. மரபு மருத்துவத்தை முழுதும் போற்றுவதும் முழுதும் தள்ளுவதும் அந்த வைத்தியரின் உழைப்புக்கு நியாயம் செய்யா.

நவீனக் கால்நடை மருத்துவம் அறுவைக்காக இங்கு வரவில்லை, கொள்ளைநோய்க்காக வந்தது. வெக்கை நோய், அடைப்பான், சப்பை நோய் ஆகியவை மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றபோது உழவும் வரியும் ஒருசேர நின்றன. அந்த அச்சமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசின் கால்நடைத் துறைக்கும், 1903 அக்டோபர் 1இல் சென்னையில் 'டாபின் ஹால்' என்ற வாடகைக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிப் பின்னர் வேப்பேரியில் வேரூன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் வித்திட்டது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, பல்கலைக்கழகப் பட்டம் தரும் இந்தியாவின் முதல் கால்நடைக் கல்லூரியாக அது உயர்ந்தது. காஞ்சிக்கு மேற்கே ராணிப்பேட்டையில் நிலைகொண்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசிகளைத் தயாரித்து வழங்கியது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மந்தையைக் காக்கும் ஊசிக்கு அடுத்த நிலையில்தான், தனி ஒரு விலங்கின் உயிருக்காக நேரமும் மயக்க மருந்தும் செலவிடும் அறுவை மருத்துவர் இடம்பெற முடிந்தது.

அந்த வரிசையில் யானை மீண்டும் முன்னே நின்றது. வேப்பேரியில் பயின்று தமிழ்நாடு வனத்துறையில் பணியாற்றிய டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, முதுமலை முகாமிலும் காட்டிலும் யானைகளின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்தும், இறந்த யானைகளைப் பிணப் பரிசோதனை செய்து சாவின் காரணத்தைப் பதிவு செய்தும், ஒரே உயிரினத்துக்கு வாழ்நாளைத் தந்த வல்லுநர் எப்படி இருப்பார் என்பதைக் காட்டினார். கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் 2003இல் முதுமலையில் தொடங்கியபோது அவர் உயிரோடில்லை. கல்தரையிலும் சங்கிலியிலும் நாள் கழிக்கும் கோயில் யானைக்குப் பாதப் புண்ணும் நகவெடிப்பும் வருவது இயல்பு. அதற்கு மருந்தைவிட மண்தரையும் நடையும் முதன்மையானவை என்பதைக் கோயில் நகரங்கள் காலம் தாழ்த்தியே ஏற்றன.

பசுவுக்கான அறுவை இன்று எந்தப் பழைய வாகடமும் எண்ணிப் பாராத காரணத்துக்காக நடக்கிறது. 2019 அக்டோபரில் வேப்பேரி மருத்துவர்கள் ஐந்தரை மணி நேரம் போராடி ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தனர். இத்தகைய அறுவையில் பொதுவாக மாடு நின்றபடியே இருக்கும். இடுப்பருகே இடப்பக்கம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் தசையையும் திறந்து, அசைபோடும் உணவு தங்கும் பெருவயிற்றின் சுவரை வெட்டுவாயின் விளிம்போடு தைத்து, உள்ளிருப்பது அடிவயிற்றுக் குழிக்குள் சிந்தாமல் கையால் வாரி எடுப்பர். மாடவீதிகளில் எச்சில் இலையோடு சேர்த்து எறியப்படும் பைகள் முடிவில் சேருமிடம் அந்த வயிறே.

நாய்க்கு முறை கடைசியாக வந்தது. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை அறுவையை 1964 முதல் மேற்கொண்டது. 2001இல் மத்திய அரசு அதனை விதியாகவே ஆக்கியது. நாயை மயக்குவதும் வயிற்றைத் திறந்து மூடுவதும் கால்நடை மருத்துவரின் அன்றாடக் கைப்பழக்கமாக மாறியதில் இந்த அறுவைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், ஐந்தரை ஆண்டு இளநிலைப் படிப்புக்குப் பின் அறுவையியலிலும் கதிரியலிலும் முதுநிலை பயின்றவர்கள், எலும்பு முறிவுக்குத் தகடு பொருத்துவதும் கண்புரை நீக்குவதும் புற்றுக்கட்டி அகற்றுவதுமாகத் தனித்துறை வல்லுநர்களாக வளர்ந்தனர்.

இன்று காஞ்சிபுரத்தில் ஒரு குடும்பத்தின் நாய் வண்டியில் அடிபட்டால், முதலில் உள்ளூர் மருத்துவர் ரத்தப்போக்கை நிறுத்தி, வலிக்கு ஊசி போட்டு, முறிந்த காலைக் கட்டையால் அசையாமல் கட்டுகிறார். எலும்புக்குத் தகடு வேண்டுமெனில் கடிதம் எழுதி ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேப்பேரிக்கு அனுப்புகிறார். கால் முறிவு அந்தப் பயணத்தைத் தாங்கும். பெரிய இன நாய்களுக்கு வரும் இரைப்பை முறுக்கு தாங்காது: வயிறு காற்றடைத்து உப்பித் திரும்பிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்பதால், குழாய் விட்டோ ஊசி குத்தியோ காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த கை காஞ்சிபுரத்திலேயே, இரவிலும், இருந்தாக வேண்டும்.