தம் சொல்லில் ஒரு மறுமொழி

கட்டுரை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவர் நெஞ்சில் எழுவன முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று தலைப்புகளே. இடையே இரண்டு மேற்கோள்கள், இறுதியில் ஓர் அறிவுரை, மதிப்பெண் வந்துவிடும். ஆனால் நல்லதொரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, "உனக்கு என்ன தோன்றியது?" என்று வினவினால், நன்கு படிக்கும் பிள்ளையும் வாய் திறப்பதில்லை. அதற்கு விடை பாடநூலில் இல்லை. கடையில் விற்கும் துணைநூலிலும் இல்லை. தோன்றியதை எழுதலாமா, எழுதினால் தவறாகிவிடுமோ என்னும் அச்சமே எஞ்சி நிற்கிறது. இவ்வச்சத்துக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கம் நம் கடற்கரையோடு பிணைந்திருப்பதால், அதனை அறிந்துகொள்ளும் உரிமையும் கடமையும் நமக்கு மிகுதி.

1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து ஒரு மறைக்கல்வி நூல் அச்சிடப்பட்டது. அதனை ஆக்குவதில் ஈடுபட்டவர்கள் வின்சென்ட் தெ நாசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தாமஸ் த குரூஸ் என்னும் திருமுழுக்குப் பெயர் பூண்ட மூன்று தமிழர்கள். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1549இல், நம் இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அப்பணித்தளத்தின் பொறுப்பேற்ற அண்டிரிக் அடிகளாரே தமிழ் எழுத்தில் அச்சு நூல்கள் தோன்றக் காரணமானவர். 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்டது. அச்சுப்பணிக்குப் பொருள் தந்தவர்கள் கடலில் உழைத்த பரதவ மக்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எழுத்தறியாத பலர், எழுத்துக்காகத் தம் உழைப்பின் ஊதியத்தைக் கொடுத்திருக்கிறார்கள்!

அடுத்த ஆண்டு, 1579இல், கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. இது போர்த்துக்கீசிய மொழியில் மார்க்கோஸ் ஜார்ஜ் அடிகளார் எழுதிய நூலின் தமிழாக்கம். ஆசானும் மாணவனும் உரையாடும் முறையில் அமைந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறிப் பேசிய முதல் மாணவன் இந்நூலில் வருபவனே எனலாம். அவன் நன்றாகப் பேசுகிறான். ஆயினும் அவன் சொல்லும் விடை ஒவ்வொன்றும் முன்னரே வகுக்கப்பட்டது. விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்க அம்முறை பொருத்தமானதே. செபங்களையும் கட்டளைகளையும் மனப்பாடம் செய்த நம் பாட்டிமார் அம்முறையால் பெற்ற உறுதியை எவரும் குறை கூற இயலாது. இலக்கியத்துக்கும் அதே முறையைப் பின்பற்றத் தொடங்கியபோதுதான் இடர் நேர்ந்தது.

கொச்சியிலேயே 1580இல் வெளிவந்த மற்றொரு நூலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்வோர்க்கென ஆக்கப்பட்ட கொம்பெசியொனாயரு என்னும் நூல் அது. வினாக்கள் இதிலும் உண்டு. விடைகளை மட்டும் எந்த நூலும் தர இயலாது. படிப்பவர் தம் உள்ளத்தைத் தாமே துருவி, தம் நாளை நினைந்து, தம் சொல்லிலேயே கூறவேண்டும். அதே 1580ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் போர்தோ நகரில், மிசேல் தெ மொந்தேஞ் என்னும் கத்தோலிக்கப் பெருமகனார் ஒரு நூலை அச்சிட்டார். தம்மையே பொருளாக வைத்துச் சிறியவும் பெரியவுமாக எழுதிய உரைகளுக்கு 'முயற்சிகள்' எனப் பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். மேலைநாடுகள் கட்டுரை என்று வழங்கும் இலக்கிய வகைக்கு அதுவே தொடக்கம். கொச்சி நூலும் போர்தோ நூலும் ஒன்றையொன்று அறியாதவை, நோக்கமும் வேறு. எனினும் 'உன் சொல்லில் கூறு' என்று இரண்டும் அழைப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் உரைநடைக்கு ஆற்றிய பணி வாசகர் அறிந்ததே; விரிக்க வேண்டுவதில்லை. எழுதுபவர் தம் குரலை மறைக்காத உரைநடை 19ஆம் நூற்றாண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடம் தெளிவாக ஒலிக்கிறது. 1826இல் பிறந்து முன்சீப்பாகப் பணியாற்றிய அக்கத்தோலிக்கர், பெண்கல்வி பற்றி எழுதிய உரைநடையில் வாதிடுகிறார், நகைக்கிறார், சில இடங்களில் சினமும் கொள்கிறார். படிப்பவரும் உடன்பட்டோ மறுத்தோ பேசியே ஆகவேண்டும்.

மாணவர் ஒருவரின் மறுமொழியே ஓர் இலக்கிய வாழ்வாக மலர்ந்ததற்குச் சான்று வேண்டுமெனில் தனிநாயகம் அடிகளாரைப் பார்க்கலாம். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அவர், உரோமையில் இறையியல் கற்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்தபின், 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளிக்குப் பணியாற்ற வந்தார். அங்குதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். பிறருக்குக் கற்பிக்கும் நிலையில் இருந்தவர் மாணவராக அமர்ந்த அந்தப் பணிவை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை பற்றி ஆராய்ந்தார். தமிழ்த் தூது, ஒன்றே உலகம் ஆகிய நூல்களில் அவர் உலகுக்குத் தமிழைக் கூறும் முறையில், முதன்முறை படித்த மாணவனின் வியப்பு மங்காமலே இருக்கிறது. அண்டிரிக் அடிகளாரின் அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தமிழுலகம் அறியச் செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

இனி காரங்காட்டுக்கு வருவோம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில், கோட்டக்கரையாறு கடலைச் சேரும் கழிமுகத்தில், அலையாத்திக் காடு சூழ அமைந்த ஊர் அது. செங்கோல் மாதா ஆலயத்தைச் சுற்றி வாழும் மக்களுள் பெரும்பாலோர்க்குத் தொழில் மீனும் நண்டும் இறாலும். அவ்வூர் மாணவி ஒருவர், தாம் படித்த சிறு கட்டுரைகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்பேட்டைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. தேர்வுக்காக எழுதியதன்று, ஆகவே முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை.

உ.வே. சாமிநாதையரின் 'இடையன் எறிந்த மரம்' என்னும் கட்டுரைக்கு அவர் எழுதிய மறுமொழியே நம்மை மிகவும் ஈர்த்தது. பழந்தமிழ்த் தொடர் ஒன்றின் பொருள் விளங்காமல் ஐயர் மயங்குகிறார். ஆடு மேய்ப்பவர் ஒருவர் வாயிலாகத் தெளிவு பெறுகிறார். கிளையை அறவே துண்டிக்காமல், வளைந்து தொங்குமாறு வெட்டிவிடுவது ஆயர் வழக்கம். ஆடுகளுக்குத் தழையும் எட்டும்; மரத்துக்கும் உயிர் இருக்கும். இதைப் படித்த மாணவி, "ஐயருக்குப் பாடம் சொன்னவர் பெயர் தெரியவில்லையே" என்று முதலில் வருந்துகிறார். பிறகு தம் தாத்தாவிடம் சென்று அமர்ந்து, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளின் பெயர்களையும், நீரோட்டத்தைக் குறிக்கும் நீவாடு என்னும் சொல்லையும் கேட்டு எழுதியிருக்கிறார். "பத்தாண்டாகத் தமிழ் படிக்கிறேன், தாத்தாவிடம் தமிழ் கேட்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பது அப்பக்கத்தில் உள்ள ஒரு வரி. சங்கப் பாடல்களில் வரும் கண்டல் தம் ஊர்க் கழியில் நிற்கும் மரமே என்று கண்டதை அடிக்கோடிட்டிருக்கிறார். அடிகளார் ஆய்வு செய்து அடைந்த நெய்தல் நிலம், இவருக்கு வீட்டுக்குப் பின்புறம்!

எல்லாவற்றையும் அவர் புகழவில்லை. 1955இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ரா.பி. சேதுப்பிள்ளையின் தமிழின்பத்தைப் பற்றி, "காதுக்கு இனிமை, ஆனால் வலை இழுக்கும்போது இப்படிப் பேச மூச்சு இராது" என்று எழுதிவிட்டார். சேதுப்பிள்ளை அவர்களின் ஒலிநயத்தில் தோய்ந்து வளர்ந்த நமக்கு இது சற்றே உறுத்தியது. அந்நடையை வாய்விட்டுப் படித்தால், மேடையில் நின்று பெருங்கூட்டத்துக்கு உரைத்த ஒருவரின் மூச்சு அதில் இருப்பதை அவரும் உணர்வார் என்றே எண்ணுகிறோம். இதை அவரிடம் கூறினோம். மறுமுறை வாய்விட்டுப் படித்திருக்கிறார். பழைய வரியை அடிக்காமல், அதன்கீழ் வேறு மையில் சேர்த்திருக்கிறார்: "திருவிழா மேடையில் நன்றாக இருக்கும். வள்ளத்தில், இல்லை."