காப்பித் தோட்டத்துக் கண்கள்

ஹட்டன், நுவரெலியா பக்கம் தேயிலைக்கு முன்னாடி காப்பிதான் ராஜா. 1869இல் இலைத்துரு நோய் வந்து இங்கே காப்பியை அழித்தது. உலகத்தின் மறுபக்கம், குவாத்தமாலா மலைச்சரிவுகளில் காப்பி நிலைத்தது. அங்கேயும் வேகமா ஓடுற ஆறு, அங்கேயும் தோட்டத்துச் சனம். அந்தச் சனத்துக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

1915இல் ரொடோல்ஃபோ ரோப்லெஸ் என்ற குவாத்தமாலா மருத்துவர்தான் காரணத்தைப் பிடித்தார். தொழிலாளர்களுக்குத் தலையில் சின்னக் கட்டிகள் இருந்தன. வெட்டிப் பார்த்தால் உள்ளே நூல் மாதிரிப் புழு. ஓடும் தண்ணீரில் வளருற ஒரு குட்டிக் கறுப்பு ஈ கடித்துத்தான் இது பரவுது என்றும் அவர் ஊகித்தார். ஊகம் சரி.

கண்ணுக்குள் நடப்பது விசித்திரம். கட்டிக்குள் இருக்கும் தாய்ப்புழு போடும் நுண்குஞ்சுகள் தோலுக்கடியில் அலைந்து கருவிழிக்குள்ளும் நுழையும். உயிரோடு இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. செத்தால்தான் வினை. புழுவுக்குள் குடியிருக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா அப்போது வெளியே வரும், உடம்பு அதோடு சண்டைக்குப் போகும், கருவிழி அழன்று வெண்புள்ளி விழும். வருசக்கணக்கில் இது தொடர்ந்தால் தழும்பேறி, கண்ணாடி போலிருந்த கருவிழி வெளுத்துப் போகும். கண்ணைக் கெடுப்பதில் புழுவைவிட நம் உடம்பின் கோபத்துக்குத்தான் பங்கு அதிகம்.

இந்தப் புழு இலங்கைக்கு வரவேயில்லை. நம்ம தோட்டங்களுக்கு வாய்த்தது கொக்கிப்புழு. லயத்தைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியா ஏறி, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். ரோப்லெஸ் கட்டியை வெட்டிய மறுவருசமே, 1916இல், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனம் இங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. கீனோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள். துரைமாருக்கு மருந்து பிடித்தது, ஆள் தெம்பாக வேலைக்கு வருவானே! கக்கூஸ் கட்டச் சொன்னபோதுதான் பலருக்குக் கை சுருங்கியது.

குவாத்தமாலாவில் பல பத்தாண்டுகள் கட்டி வெட்டும் வேலையே நடந்தது. பிறகு ஐவர்மெக்டின் வந்தது. ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து அது. நோய் இருக்கிறவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஊர் ஊராகத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். 2016இல் குவாத்தமாலா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ரோப்லெஸிலிருந்து 101 வருசம்.

இங்கே 1916இல் எண்ணெய் குடித்தவர்களில் பலர், கக்கூஸ் இல்லாத லயத்துக்கு, அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்துதான் திரும்பிப் போனாங்க.