லிங்கன் வேண்டாமென்ற யானைகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆபிரகாம் லிங்கனுக்குக் கைகொடுக்க சயாம் மன்னர் போர் யானைகளை அனுப்ப முன்வந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டிஸ்பர்க் வயல்வெளியில் யானைப்படை பிளிறிக்கொண்டு வர, தென்மாநிலக் குதிரைகள் தெறித்து ஓடுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மன்னர் மோங்குட் கடிதம் எழுதிய தேதி 1861 பிப்ரவரி 14. லிங்கன் பதவியேற்றதே மார்ச் 4-ல்தான். சம்டர் கோட்டையில் போரின் முதல் குண்டு வெடித்தது ஏப்ரல் 12-ல். கடிதம் உண்மையில் எழுதப்பட்டது முந்தைய அதிபர் ஜேம்ஸ் புக்கானனுக்கு. மன்னர் கெட்டிக்காரர். புக்கானன் இல்லையென்றால் அவர் இடத்துக்கு மக்கள் புதிதாக யாரைத் தேர்ந்தெடுத்தார்களோ அவருக்கு என்று முன்யோசனையோடு விலாசம் எழுதியிருந்தார்.

27 ஆண்டுகள் பிக்குவாக இருந்துவிட்டு 1851-ல் அரியணை ஏறியவர் மோங்குட். ஆங்கிலம் எழுதுவார். வானியல் அவருக்குப் பித்து. 1868-ல் வந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தானே கணித்து, அதைப் பார்க்க விருந்தினர்களோடு காட்டுப் பகுதிக்குப் போய், அங்கே பிடித்த காய்ச்சலில் இறந்துபோனார். அவர் எழுதிய அந்தக் கடிதத்தோடு ஒரு வாளும், மகளோடு அவர் இருக்கும் புகைப்படமும், இரண்டு யானைத் தந்தங்களும் போயின.

விஷயம் இதுதான். பாங்காக் வந்திருந்த ‘ஜான் ஆடம்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கேப்டனிடம் மன்னர் ஊர்க்கதை விசாரித்திருக்கிறார். எங்கள் கண்டத்தில் யானையே கிடையாது, ஒரு பெரிய தந்தத்தைப் பொது இடத்தில் வைத்தால் ஆயிரக்கணக்கில் கூடிப் பார்ப்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அங்கே ஒட்டகமும் இல்லாமல்தான் இருந்தது, வெளியிலிருந்து வாங்கிவந்து விட்டார்கள், இப்போது அவை பெருகிவிட்டன என்ற செய்தியும் மன்னர் காதுக்கு வந்தது. ஒட்டகம் பிழைக்கும்போது யானை பிழைக்காதா? இளம் யானைகளைச் சில ஜோடிகள் தருகிறேன். கப்பலில் தீனியும் நல்ல தண்ணீரும் தொழுவமும் ஏற்பாடு செய்து வாருங்கள். தண்ணீரும் புல்லும் உள்ள வெப்பமண்டலக் காட்டில் அவற்றை விட்டுவிடுங்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் பெருக விடுங்கள். பிறகு பிடித்துப் பழக்கினால், வண்டிப்பாதை போடாத அடர்காட்டிலும் சுமை தூக்கும் என்று எழுதினார். ஒரு நாட்டின் போக்குவரத்துக் கொள்கையையே மாற்றும் யோசனையை இவ்வளவு கனிவாக எந்த அரசரும் முன்வைத்ததாகத் தெரியவில்லை.

பதில் புறப்பட்டது 1862 பிப்ரவரி 3-ல். லிங்கனின் கையெழுத்தோடு, மிக மரியாதையாக. பரிசுகள் தனக்கல்ல, அமெரிக்க மக்களுக்கு என்று எடுத்துக்கொண்டு அரசு ஆவணக் காப்பகத்தில் வைப்பதாகச் சொன்னார். யானைக்கு மட்டும் இரண்டு காரணங்களோடு மறுப்பு. எங்கள் ஆட்சி எல்லை யானை பெருகுவதற்கு ஏற்ற அளவு தெற்கே இறங்கவில்லை என்பது ஒன்று. உள்நாட்டு வணிகத்தில் நிலத்திலும் நீரிலும் எங்களுக்கு உற்ற துணை நீராவிதான் என்பது இன்னொன்று.

முதல் காரணத்தை மன்னரே எடுத்துக் கொடுத்திருந்தார். வெப்பமண்டலம் வேண்டும் என்று நிபந்தனை போட்டவர் அந்த வானியல்காரர். கடகரேகையை அளந்து பார்த்தால் ஃபுளோரிடாவின் தென்கோடியான கீ வெஸ்ட் தீவுகூட ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே வெளியே நிற்கிறது. ஆக, கணக்குப்படி லிங்கன் சொன்னது சரி. யானைப்படி பார்த்தால் இருவர் சொன்னதும் தப்பு. ஹரித்வாரை ஒட்டிய சிவாலிக் காடுகளில் காட்டு யானைகள் காலங்காலமாக வாழ்கின்றன. அந்த இடமும் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 30 பாகை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. லிங்கன் கையெழுத்துப் போட்ட அன்று லூசியானா முழுவதும், ஃபுளோரிடாவில் சில கோட்டைகள் நீங்கலாக மற்றதெல்லாம், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் கையில் இருந்தன. தெற்கே எங்கள் எல்லை அவ்வளவு தூரம் வரவில்லை என்ற வாக்கியத்தை எழுதிய பேனா ஒரு கணம் தயங்கியிருக்காதா என்று எனக்குத் தோன்றும். பிரிவினையை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர் லிங்கன்.

மன்னரை நம்பவைத்த ஒட்டகங்களின் கதை என்னவென்று பார்த்துவிடுவோம். 1855-ல் போர்த்துறைச் செயலராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் காங்கிரஸிடம் 30,000 டாலர் வாங்கினார். 1856 மே மாதம் டெக்ஸாஸின் இண்டியனோலா துறையில் 34 ஒட்டகங்கள் இறங்கின. மறு ஆண்டு 41. பாலைநிலத்தில் பாதை அளக்கப் போன எட்வர்ட் பீல் அவற்றைப் புகழ்ந்து தள்ளினார். ஆனால் ஒட்டகத்தைக் கண்டாலே குதிரையும் கோவேறு கழுதையும் மிரண்டன. அவற்றை ஓட்டிப் பழகிய சிப்பாய்களுக்கு ஒட்டகத்தைக் கண்டாலே ஆகவில்லை. ஒட்டகத்தின் மொழி தெரிந்தவர்கள் கூடவே வந்த சிலர்தான். அவர்களில் ஹாஜி அலியை அமெரிக்கர்கள் வாய்க்கு வந்தபடி ‘ஹை ஜாலி’ ஆக்கினார்கள். அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட்டில் அவருக்கு ஒட்டகச் சிலையோடு கல்லறை இருக்கிறது. போர் வந்தது. டேவிஸ் எதிரணியின் அதிபரானார். ஒட்டகங்கள் இருந்த முகாம் கைமாறியது. போர் முடிந்ததும் மிச்ச ஒட்டகங்கள் ஏலத்தில் போயின. ஒட்டகம் தோற்கவில்லை, அதை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் போதவில்லை.

சரி, லிங்கன் ‘அனுப்பி வையுங்கள்’ என்று எழுதியிருந்தால்?

1862 ஏப்ரல் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் வடமாநிலப் படை வசம் வந்துவிட்டது. ஆகவே 1863-ல் ஒரு கப்பல் அங்கே நான்கு ஜோடி இளம் யானைகளை இறக்குவதாகக் கற்பனை செய்வோம். பக்கத்திலேயே அட்சஃபலாயா சதுப்புக்காடு. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பசுமைக்கும் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் ஐந்து வயது என்று வைத்துக்கொண்டால், பெண் யானைகள் முதல் குட்டி போட 1873 ஆகிவிடும். வயிற்றில் சுமப்பதே ஏறக்குறைய இரண்டு வருடம். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒன்று. ஒரு சாவுகூட இல்லாமல், பாதி பெண்ணாகப் பிறந்தாலும், 1900-ல் மொத்தம் ஐம்பதை எட்டாது. 1873-ல் பிறந்த குட்டி மரம் இழுக்கும் வயதுக்கு வர இன்னும் இருபது வருடம். அதற்குள் கண்டத்தின் இரு கரைகளையும் ரயில் இணைத்து கால் நூற்றாண்டு ஆகியிருக்கும். அந்த ரயில்பாதைக்கான சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டது, மோங்குட்டுக்குப் பதில் எழுதிய அதே 1862-ல், ஜூலை மாதம்.

தாயும் பாட்டியும் இல்லாத இளம் யானைக் கூட்டம் எப்படி வளரும் என்பது இன்னொரு கேள்வி. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் காப்புக்காட்டில் இந்தச் சோதனை தெரியாத்தனமாக நடந்தது. க்ரூகர் பூங்காவில் பெரியவற்றைச் சுட்டுவிட்டு அநாதைக் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஆண்கள் வளர்ந்து, காலம் தவறி மதம் பிடித்து, காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்லத் தொடங்கின. முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கின. அட்சஃபலாயாவில் காண்டாமிருகம் இல்லை. ஆனால் அதன் மேற்கே பேயூ டெஷ் ஓடைக்கரை நெடுகக் கரும்பு. யானைக்கும் கரும்புக்கும் உள்ள உறவைக் கூடலூர்க்காரருக்கோ சத்தியமங்கலத்துக்காரருக்கோ விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட முதலாளி கையில் துப்பாக்கி இருந்திருக்கும். கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமையை 1880-களின் முடிவில் சில நூறாக்கிய தேசம் அது. தொந்தரவு செய்யாதீர்கள் என்ற மன்னரின் ஒரு வரியை அங்கே யார் காதில் வாங்கியிருப்பார்கள்?

இருந்தும் யானைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது என்பதை மறுக்க முடியாது. லூசியானாவின் சதுப்பு சைப்ரஸ் மரத்தை, பர்மாவில் தேக்குக்குச் செய்வதுபோலவே, அடிப்பட்டையைச் சுற்றிலும் வெட்டி நிற்கவைத்தே காயவிட்டு, பிறகு வெட்டி மிதக்கவிடுவார்கள். சேற்றிலிருந்து ஓடைக்கு இழுப்பதுதான் பெரும்பாடு. பர்மாவில் ரயில் வந்த பிறகும் நெடுங்காலம் அந்த வேலையை யானைதான் செய்தது. லூசியானாவில் 1880-களின் கடைசியில் மிதவை மேல் நீராவி விஞ்சைப் பொருத்தி, கம்பிவடத்தால் மரங்களை இழுக்க ஆரம்பித்தார்கள். நம் கற்பனை யானை இழுவைச் சங்கிலிக்குப் பழகி முடிக்கும்போது அந்த இயந்திரம் களத்தில் நிற்கும்.

பர்மாவில் யானை நிலைத்தது நீராவி இல்லாததால் அல்ல. கரேன் மக்கள் போன்ற பாகன் பரம்பரைகள் இருந்தன. நம் கோழிகமுத்தி யானை முகாமின் மலசர்களைப் போல. குட்டியும் பையனும் ஒன்றாக வளர்வார்கள். ராத்திரி காட்டில் மேயவிட்ட யானையை விடியலில் தேடிப் பிடித்து, குளிப்பாட்டி, வேலைக்குக் கூட்டிவருவார்கள். மதநீர் கசிந்தால் கட்டிப்போட்டு ஒதுங்குவார்கள். இந்த மனிதர்களை அமெரிக்கா உள்ளே விட்டிருக்குமா? 1882-ல் சீனத் தொழிலாளருக்குக் கதவை அடைத்தது. 1917-ல் இந்தியா, பர்மா, சயாம் உள்ளிட்ட ஆசியப் பரப்பு முழுக்கக் கோடு போட்டு விலக்கியது. யானை வரலாம், பாகன் வரக்கூடாது. அப்படியானால் அங்குசம் யார் கைக்குப் போயிருக்கும்? அடிமைமுறை ஒழிந்ததும் தெற்கத்திய மாநிலங்கள் கைதிகளை, பெரும்பாலும் கறுப்பின மக்களை, மரவெட்டி முகாம்களுக்கு வாடகைக்கு விட்டன. அவர்களைத்தான் யானையின் காலடியில் நிறுத்தியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பழக்கமில்லாதவர் கையில் யானையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் சர்க்கஸில் இருக்கிறது. 1916-ல் டென்னஸி மாநிலத்தில் மேரி என்ற சர்க்கஸ் யானை ஒருவரைக் கொன்றது. அவர் வேலைக்குச் சேர்ந்தே ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது, யானையோடு பழக்கமில்லாதவர். எர்வின் என்ற ஊரின் ரயில் யார்டில், கூட்டம் கூடிப் பார்க்க, ரயில்வே கிரேனில் மேரியைத் தூக்கில் போட்டார்கள். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் டாப்ஸி என்ற யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று, அதை எடிசன் நிறுவனம் படமும் பிடித்திருந்தது.

உழவுக்கு யானை பூட்டும் யோசனையைக்கூட அமெரிக்கா மோங்குட்டின் கடிதத்துக்கு முன்பே பார்த்துவிட்டது, மோசடியாக. கேளிக்கை வியாபாரி பி.டி. பார்னம் சிலோனுக்கு ஆள் அனுப்பி யானைகள் பிடித்து 1851-ல் நியூயார்க்கில் இறக்கினார். பிறகு கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில், ரயில்பாதையை ஒட்டிய தன் நிலத்தில் ஒரு யானையை ஏரில் பூட்டினார். கீழைநாட்டு உடையில் ஓர் ஆள். ரயில் வரும் நேரத்துக்குச் சரியாக உழவு தொடங்கும். விவசாயச் சங்கங்கள் மெய்யென்று நம்பி, எவ்வளவு தின்னும், எவ்வளவு உழும் என்று கடிதம் போட்டன. பார்னம் நொந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டார்: என் கண்காட்சிக்கு விளம்பரம் என்பதால் எனக்குக் கட்டும், குளிரில் வேலை செய்யாது, தன் விலையை வருடா வருடம் தின்றுவிடும், உங்களுக்கு வேண்டாம்.

2016-ல் ரிங்லிங் சர்க்கஸ் யானைகளை மேடையிலிருந்து இறக்கியது. 2021-ல் அவற்றில் 12 பெண் யானைகள் வடக்கு ஃபுளோரிடாவில் யூலி ஊருக்கு அருகே, ஒயிட் ஓக் என்ற காப்பகத்தின் பைன் காட்டுக்குள் விடப்பட்டன. அங்கே புல்லும் குளமும் உண்டு. அந்த இடம் நியூ ஆர்லியன்ஸைவிடவும் சற்று வடக்கே இருக்கிறது.

லூசியானா சதுப்பும் சும்மா இருக்கவில்லை. 1910-ல் அந்த மாநிலத்து காங்கிரஸ் உறுப்பினர் ராபர்ட் புருசார்ட், அங்கே மண்டிய ஆகாயத்தாமரையைத் தின்று தீர்க்கவும், நாட்டின் இறைச்சிப் பஞ்சத்தைப் போக்கவும் நீர்யானைகளை இறக்குமதி செய்ய ஒரு மசோதா கொண்டுவந்தார். 2,50,000 டாலர் கேட்டார். அவருக்குத் துணை நின்றவர்களில் இருவர், ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் ஒருவரையொருவர் கொல்ல அலைந்த எதிரிகள். அவர்கள் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)