பெயிண்ட்டை நம்பாதீங்க மக்களே!

மியூசியத்துல எடுத்த பழைய போர் விமானப் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் முதல்ல பண்றது, அதுமேல என்ன எழுதியிருக்குன்னு தேடறதுதான். பெயிண்ட் பொய் சொல்லும் சாமி! உருவத்தைப் பாருங்க.

லிபரேட்டர்ங்கற பி-24 குண்டுவீச்சு விமானத்தையே எடுத்துக்குவோம். நாலு இஞ்சின், வால்ல ரெண்டு செங்குத்துத் தகடு. இதோட நிறுத்திட்டா பிரிட்டிஷ் லங்காஸ்டரோன்னு சந்தேகம் வரும், அதுக்கும் வால் அப்படித்தான். அடுத்து இறக்கை. லிபரேட்டருக்கு ஒல்லியா, நீளமா, உடம்போட மேல்பக்கத்துல ஒட்டியிருக்கும். லங்காஸ்டருக்கு நடுவாந்தரமா. அதுவும் சரியாத் தெரியலைன்னா சக்கரம். லிபரேட்டருக்கு மூக்குக்குக் கீழே சக்கரம் உண்டு, அதனால தரையில மட்டமா நிக்கும். லங்காஸ்டர் வாலைத் தரையில வெச்சு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு நிக்கும். (பி-17ம் அப்படித்தான் நிக்கும். ஆனா அதுக்கு வால்ல ஒரே தகடு, குழப்பமே இல்லை.)

சரி, லிபரேட்டர்தான். யாரோடது? இங்கதான் மேட்டரே இருக்கு. 18,000க்கு மேல செஞ்ச விமானம், இன்னிக்கு முழுசா மிஞ்சினதைக் கைவிரல் கால்விரல்லயே எண்ணிடலாம். அதுலயும் பல விமானங்கள் கான்பூர் சரக்கு! இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ் விமானப்படை இதுகளை அங்கே உடைச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. 1948லேர்ந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆளுங்க அந்தக் குவியல்லேர்ந்து சுமார் 40 விமானத்தைத் தேத்தினாங்க. ஓரளவு ஒட்டுப்போட்டதை டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்குப் பறந்தே கொண்டு வந்தார். என்ன தைரியம் பாருங்க! நம்ம விமானப்படை 1968 வரைக்கும் அதை ஓட்டுச்சு.

அப்புறம்தான் வெளிநாட்டு மியூசியங்கள் தேடி வந்துச்சு. பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்துல இருக்கற கேஎன்751, 1974ல இங்கேருந்து போனது. அமெரிக்காவுல காலிங்ஸ் அறக்கட்டளை ஓட்டின லிபரேட்டருக்கு 2005ல 'விட்ச்கிராஃப்ட்'னு பேர் எழுதினாங்க. நிஜ விட்ச்கிராஃப்ட் ஐரோப்பாவுல 130 தடவை குண்டுபோடப் போன வேற விமானம். இது கான்பூர்ல கிடந்து, நம்ம கையால பிழைச்சது. படத்தை மட்டும் பார்த்தா அதுல ஒரு வரிகூடத் தெரியாது, எனக்கு அதுதான் பொறுக்கலை.

டில்லி பாலம் மியூசியத்துல நிக்கற லிபரேட்டர் மேல மட்டும் நம்ம விமானப்படையோட மூவர்ண வட்டமே இருக்கு.