கடிதம் போய்வர ஓராண்டு

கி.பி. 8. ரோமாபுரியின் புகழ்பெற்ற கவிஞர் ஒவிட்டுக்கு அப்போது வயது 50. பேரரசர் அகஸ்டஸிடமிருந்து ஆணை வருகிறது: ஊரைவிட்டுப் போ! நீதிமன்றமும் கூடவில்லை, செனட்டும் விவாதிக்கவில்லை. ஒரு கவிதையும் ஒரு தவறும் தன்னைக் கெடுத்தன என்று ஒவிட் பிற்பாடு எழுதினார். கவிதை, காதல் வித்தை கற்றுத்தரும் ‘ஆர்ஸ் அமதோரியா’. தவறு என்ன என்று மட்டும் அவர் வாய் திறக்கவே இல்லை. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துத் தொலைத்திருக்கிறார்.

ஆண்டுக்கணக்கில் சிறையில் அடைப்பது ரோமானியர் வழக்கமில்லை. மேட்டுக்குடியினரை அடக்க நாடுகடத்தலே போதும். சொந்த மகள் யூலியாவையே கி.மு. 2-இல் பண்டதாரியா என்ற குட்டித்தீவுக்கு அனுப்பியவர் அகஸ்டஸ். மது கூடாது, தன் அனுமதியில்லாமல் ஆண்கள் யாரும் நெருங்கக் கூடாது என்று கட்டளை வேறு. அதோடு ஒப்பிட்டால் ஒவிட்டின் தண்டனை இலேசு. சொத்தும் குடியுரிமையும் தப்பின. மன்னிப்புக்கு முயல மனைவி ரோமிலேயே தங்கிவிட்டார்.

அனுப்பிய இடம், கருங்கடல் கரையில் இருந்த டோமிஸ். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்ஸா. கிரேக்கர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். கெட்டே இனத்தவரும் கலந்து வாழ்ந்தார்கள். ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. லத்தீன் பேசத்தான் ஆளில்லை. இங்கே நான்தான் காட்டுமிராண்டி என்று நொந்துகொண்டார்.

திராட்சை மது உறைந்து ஜாடியின் வடிவத்திலேயே நிற்கிறது, டான்யூப் நதிமீது மாட்டுவண்டி ஓடுகிறது என்றெல்லாம் எழுதினார். இன்று கோடையில் ஜனங்கள் கடலில் குளிக்கக் கூடும் ஊர் அது! கவிஞர் கதை விடுகிறார் என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. குளிரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால், அவருடைய தனிமை பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் ஒரு கடிதம்.

நண்பர் கால்லியோவின் மனைவி இறந்த செய்தி டோமிஸுக்கு வருகிறது. ஒவிட் ஆறுதல் எழுத உட்காருகிறார். பாதியில் கணக்குப் போடுகிறார்: உன் கடிதம் வந்து, என் பதில் போய்ச் சேர ஓராண்டு ஆகிவிடுமே, அதற்குள் துக்கம் ஆறியிருக்குமே! கடைசியில், நீ மறுமணமே செய்துகொண்டிருக்கலாம் என்று முடிக்கிறார். இழவு விசாரிக்கக்கூட நேரத்துக்குப் போய்ச்சேர முடியாத மனிதர்.

டோமிஸ்காரர்கள் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. வரிவிலக்குக் கொடுத்து, மாலை சூட்டிக் கௌரவித்தார்கள். அவரோ ஊரைத் திட்டித் திட்டி எழுதிக்கொண்டிருந்தார். அது தெரியவந்து அவர்கள் கோபப்பட்டபோது, உங்கள் மண்ணைத்தான் வைதேன், உங்களையல்ல என்று சமாளித்தார். கெட்டே மொழியைக் கற்று, அதில் கவிதையும் எழுதி வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரிகூட இன்று நம் கையில் இல்லை.

கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தார். அடுத்து வந்த திபேரியஸும் மனமிரங்கவில்லை. கி.பி. 17 வாக்கில் ஒவிட் டோமிஸிலேயே காலமானார். அந்த ஆணையை ரோம் நகர மன்றம் ரத்து செய்தது 2017 டிசம்பரில்!

ஒவிட்டை மன்னிக்காத அதே திபேரியஸ், பின்னாளில் தலைநகரையே வெறுத்து, தானாகவே காப்ரித் தீவில் போய் ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கதை அடுத்த வாரம்.