ஹால் தரையில் பூத்த பூ: பிரான்ஸிலிருந்து ஆத்தங்குடிக்கு, ஆத்தங்குடியிலிருந்து மோர்பிக்கு

வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு டைல்ஸ் எடுக்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "ரெண்டுக்கு ரெண்டா, நாலுக்கு ரெண்டா?" என்பதுதான். அடுத்தது கிளாஸியா, மேட்டா. இப்போது கொஞ்ச வருடங்களாக மூன்றாவதாக ஒரு கேள்வியும் வருகிறது: "ஆத்தங்குடி டிசைன் காட்டட்டுமா?" அவர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் குஜராத்தில் அச்சடித்த செராமிக் டைல். அதில் இருக்கும் பூ காரைக்குடிப் பக்கத்துப் பூ. அந்தப் பூவின் பூர்வீகமோ ஐரோப்பா. இவ்வளவு தூரம் சுற்றி வந்த ஒரு பொருளை நாம் மிதித்துக்கொண்டு நிற்கிறோமே என்று தோன்றியதால்தான் இந்தக் கட்டுரை. நான் பி.காம். படிப்பவன். நடுவில் கணக்கும் வரியும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் பக்கத்துத் தரை. போலகம் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய ஊர். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் உப்புத் தண்ணீர். கல் என்பதே கிடையாது. அதனால் இங்கே பழைய வீடுகளில் கல் பாவிய தரை அபூர்வம். சாணம் மெழுகிய மண் தரை, கொஞ்சம் வசதி இருந்தால் செங்கல் பாவி சுண்ணாம்பு பூசிய தரை, பிற்பாடு சிமென்ட் வந்ததும் வழவழவென்று தேய்த்த சிவப்பு ஆக்ஸைடு தரை. 1739-ல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை அவர்கள் கையில் இருந்தது. இரு நூறு வருடத்துக்கு மேல் ஆண்டவர்களின் நாட்டில்தான் நம் கதாநாயகனான சிமென்ட் டைல் வளர்ந்தது என்பது ஒரு வேடிக்கை.

அதற்கு முன் ஐரோப்பாவில் பூ வேலை செய்த டைல் என்றால் சூளையில் சுட்டதுதான். இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்து மின்டன் கம்பெனி இதில் பெயர் பெற்றது. வெவ்வேறு நிறக் களிமண்ணை அச்சில் இட்டு நிரப்பிச் சுட்டெடுக்க வேண்டும். தேவாலயங்களுக்கும் அரண்மனைகளுக்கும் கட்டுப்படியாகும் விலை. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்ஸின் ரோன் நதிக்கரைச் சுண்ணாம்பு வட்டாரத்தில், சிமென்ட்டில் நிறம் கலந்து அச்சில் ஊற்றி அழுத்தி டைல் செய்யத் தொடங்கினார்கள். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பார்சிலோனாக் கம்பெனி ஒன்று இந்த டைல்களைக் காட்சிக்கு வைத்தது.

இதில் முக்கியமான விஷயம், சூளை வேண்டாம் என்பதுதான். சிமென்ட்டைக் கப்பலில் ஏற்றினால் போதும், இறங்கிய ஊரில் டைல் பண்ணலாம். (சிமென்ட்டே 1450 டிகிரி சூட்டில் பிறப்பதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த நெருப்பை வேறு ஊர்க்காரன் மூட்டுகிறான், டைல் செய்கிறவனுக்கு அச்சும் கையும் போதும்.) அதனால்தான் ஹவானா, வட ஆப்பிரிக்கா, சைகோன் என்று எங்கெல்லாம் கப்பல் போனதோ அங்கெல்லாம் இந்தத் தரை முளைத்தது. சைகோன் என்றதும் காரைக்கால்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் இங்கிருந்து நிறையப் பேர் அங்கே போனார்கள். நகரத்தார்களும் அங்கே கடை வைத்துக் கோயிலும் கட்டினார்கள். வியட்நாமிய மொழியில் இந்த டைலுக்குப் பெயர் 'காக் போங்'. பூச்செங்கல் என்று அர்த்தம். நம் செட்டிநாட்டில் ஆத்தங்குடி டைலைச் சொல்லும் சொல் 'பூக்கல்'!

பம்பாயிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 1922-ல் ஃபெரோஸ்ஷா சித்வா என்ற பார்சி, பாரத் ஃப்ளோரிங்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். வெளிநாட்டு டைலுக்குப் பதில் சுதேசி டைல் என்பதே நோக்கம். துணியில் கதர் போலத் தரையிலும் ஒரு சுதேசி இருந்தது என்பதைப் பாடப் புத்தகம் ஏனோ சொல்வதில்லை.

இனி ஆத்தங்குடி. இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள கிராமம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த நகரத்தார்கள் பெரிய பெரிய வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்த காலம். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. ஜப்பானிலிருந்து பளபளக்கும் மஜோலிகா டைல்களும் வந்தன. அங்குள்ள டான்டோ, சாஜி போன்ற கம்பெனிகள் இந்தியச் சந்தைக்கென்றே சாமி படம் போட்ட டைல்கள்கூடச் செய்தன. அவை சுவருக்கு. தரைக்கு உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம் என்று வந்ததுதான் பூக்கல்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் கிடைக்கும் நகலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான். ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் நான்கு பக்க இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவில் தடுப்புகள் உள்ள உலோக அச்சு. சிமென்ட்டில் ஆக்ஸைடு நிறங்களைக் கலந்து தோசை மாவு மாதிரி கரைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெதுவாகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலந்துவிடாது. மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்ச வைத்து, அதற்கு மேல் ஈரக் கலவையை அடைத்து மட்டம் பண்ணுகிறார்கள். அதாவது டைல் தலைகீழாகப் பிறக்கிறது. நாம் மிதிக்கப்போகும் முகம் கண்ணாடியைப் பார்த்தபடி அடியில் இருக்கிறது. இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு டைலுக்கு ஏறியிருக்கும். ஐரோப்பாவில் அழுத்து இயந்திரம் வைத்துச் செய்ததை இங்கே கண்ணாடியும் கைப்பழக்கமும் வைத்துச் செய்துவிட்டார்கள். எனக்கு ஆச்சரியமே டிசைனில் இல்லை, இந்த மாற்றத்தில்தான். டிசைனை யாரிடமிருந்தும் வாங்கலாம்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1960-களில் மிச்சமிருந்த தொழில்களும் போயின. செட்டிநாட்டு வீடுகள் பூட்டப்பட்டன. பல பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியபோது அந்த வீடுகளில் பல காலியாகக் கிடந்தன. ஆனால் டைல் செய்கிறவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். ஹோட்டல்களும் புது வீடுகளும் மறுபடி கேட்டு வந்ததால் தொழில் பிழைத்தது.

நடுவில் நம் ஹாலில் மொசைக் வந்து போனது. எழுபது, எண்பதுகளில் மொசைக் போட்ட வீடு என்றால் பெண் கொடுக்கலாம் என்று பேச்சு. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த மாற்றம் எரிவாயுவால் வந்தது. செராமிக் டைலுக்கு நெருப்புத்தான் பெரிய செலவு. விட்ரிஃபைட் டைலை 1200 டிகிரி அளவுக்குச் சுட வேண்டும். காவிரிப் படுகையில், எங்களுக்குப் பக்கத்து நரிமணத்தில், எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன, ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் காரைக்கால் நிரவியில்தான் இருக்கிறது. இந்த வாயுவை நம்பி மின் நிலையம் வந்தது, செராமிக் ஆலையும் வந்தது. எங்கள் மாநிலத்தின் இன்னொரு துண்டான ஏனாமில் ரீஜென்சி செராமிக்ஸ் இதைவிடப் பெரிதாக வளர்ந்தது. அங்கே 2012 ஜனவரியில் நடந்த தொழிலாளர் போராட்டத்தில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் இறந்தார், கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார், ஆலை எரிந்தது, பல வருடங்கள் மூடிக் கிடந்தது. ஹாலில் பளபளக்கும் தரையைப் பார்க்கும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஆட்டத்தை வென்றது மோர்பி. கடிகாரத்துக்கும் கூரை ஓட்டுக்கும் பெயர்போன குஜராத் ஊர், நாட்டின் செராமிக் டைலில் மிகப் பெரும் பகுதியைச் செய்யும் ஊராகிவிட்டது. அங்கே நிலக்கரி வாயு உலைகளை 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் மூடச் சொன்னது. அதன் பிறகு இயற்கை எரிவாயுவின் விலை ஏறினால் நம் ஊர்க் கடையிலும் டைல் விலை ஏறுகிறது. வரிக்கதையும் ஒரு வரி: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது செராமிக் டைலுக்கு 28 சதவீதம், நவம்பரில் 18 ஆக்கினார்கள்.

2000-க்குப் பிறகு ஸ்பெயினில் தொடங்கிப் பரவிய இங்க்ஜெட் அச்சு மோர்பிக்கும் வந்தது. இப்போது மரம், பளிங்கு, பூக்கல் எதையும் புகைப்படம் மாதிரி டைலில் அடிக்கலாம். பூவை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தவனை விட்டுவிட்டார்கள். மலிவாகத் தருகிறார்கள், அதில் தப்புச் சொல்ல முடியாது. 'ஆத்தங்குடி' என்ற பெயரையும் சேர்த்து விற்பதுதான் உறுத்துகிறது. அந்த ஊர்க்காரருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

சரி, ஹாலுக்கு எதைப் போடுவது? எங்கள் வீட்டில் இந்த விவாதம் ஒரு வருடமாக ஓடுகிறது, ஆகவே கணக்கு கைவசம் இருக்கிறது. 12க்கு 15 ஹால் என்றால் 180 சதுர அடி. ரெண்டுக்கு ரெண்டு டைல் 45 போதும். பத்து அங்குலப் பூக்கல் என்றால் 260 வேண்டும். பதிக்கும் கூலியும் நாளும் கூடும். விட்ரிஃபைட் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, புளிக்குழம்பு கொட்டினாலும் துடைத்துவிடலாம். பூக்கல் குடிக்கும்; எலுமிச்சையும் புளியும் கறை வைக்கும். எங்கள் மாதிரி உப்புத்தண்ணீர் ஊரில் அடியிலிருந்து உப்புப் பூக்கவும் செய்யும். அதனால் தரைக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்காமல் இங்கே பூக்கல் போடக்கூடாது. சமையலறைக்கு நிச்சயமாக வேண்டாம்.

மறுபக்கம், கிளாஸி விட்ரிஃபைட்டில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். எங்கள் அப்பாயி "எனக்கு இடுப்பு உடையணும்னா அதைப் போடு" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருக்கு இன்னொரு குறை, அதில் மாக்கோலம் பிடிக்காது. ஸ்டிக்கர்தான் ஒட்ட வேண்டும். பூக்கல் வெயில் காலத்தில் குளிர்ச்சி, நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஒரு கல் உடைந்தால் அதே அச்சில் மறுபடி வார்த்துத் தருவார்கள். கடை டைலில் அந்த டிசைன் அடுத்த வருடமே நின்றுபோகும். பெட்டியில் இருக்கும் ஷேட் நம்பர் மாறினாலே நிறம் ஒட்டாது. எது வாங்கினாலும் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள்.

அப்பா விட்ரிஃபைட், மேட் ஃபினிஷ் என்கிறார். நான் ஹாலுக்கு மட்டும் பூக்கல் என்கிறேன். ஆத்தங்குடியிலிருந்து லாரி வாடகை எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுமாறு அப்பா என்னிடமே வேலையை விட்டிருக்கிறார். 260-உடன் பத்து சதவீதம் சேர்த்து, 286 கல்லுக்கு.